லென்ஸில் இல்லாத மூட்டம்

அன்புள்ள தாணுவுக்கு, ஆசிகள். உன் இருமல் தணிந்ததா?

விடுதி வாசல் காமிராவின் லென்ஸை நான் கெடுத்துவிட்டதாக மேலாளர் உன்னிடம் சொன்னது தவறு. திரையில் புகைபோல் ஒரு மூட்டம் தெரிந்தது. முந்தானையால் துடைக்க நான் என்ன, படிக்காதவளா? முதலில் தூசியை ஊதினேன். பிறகு மென்துணியில் லென்ஸ் துடைக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தாமல் துடைத்தேன்.

மூட்டம் போகவில்லை. இங்கே தங்கியிருக்கும் திவ்யலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வார்டனம்மா, படம் நல்லா தெளிவாத்தானே இருக்கு!” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவள் போனதும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். மூட்டம் என் வலக்கண்ணில் இருக்கிறது. என் அப்பாவுக்கும் பார்வை இப்படித்தான் போகத் தொடங்கியது. பயமாக இருக்கிறது, தாணு. கண் டாக்டரிடம் என்னுடன் வருவாயா? வரும்போது என் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொண்டு வா.

போனில் பேசினால் விடுதிப் பெண்களின் காதில் விழும். பதிலைக் கடிதமாக, பெரிய எழுத்தில் எழுது.

அம்மா