சுமைக்காரிக்கு வழி

தங்கச்சிக்கு, உன் அக்கா தன் கையாலேயே எழுதுவது.

நான் செத்துப்போகவில்லை. தொண்டையில் புற்று என்று ஆரம்பத்திலேயே பார்த்து, கெட்டதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் நீ போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம், "அக்காவுக்குக் குரல் போயிடுச்சுங்க, பெரிய வெள்ளிக்கிழமை புலம்பல் பாட்ட நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றாயாமே. முப்பது வருஷமாக முதல் அடி பாடி எடுத்துக் கொடுத்தவள் நான். என் கல்யாணச் சீலையையும் எனக்கு முன்னால் உடுத்திப் பார்த்தவள் நீ. மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், "பேசாதக்கா, காதுல ரகசியமா சொல்லு" என்றாய். குரல் பழக்கும் டீச்சரம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஆயா, ரகசியம் பேசறதுதான் தொண்டைக்குக் கெடுதல். நெஞ்சுல கைய வச்சு 'ம்'முனு இழுங்க, கை அதிரணும்." இரண்டு மாதமாக இழுக்கிறேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இப்போது கை அதிர்கிறது.

நேற்று கூழ்ப்பானையைத் தலையில் வைத்து உப்பளத்து வரப்பில் போனேன். எதிரே ஆராயி வெறுங்கூடையோடு குனிந்தபடி வந்தாள். "ஓரம்!" என்றேன். கரகரத்தது, ஆனாலும் அவளுக்குக் கேட்டது. பாத்திக்குள் இறங்கி வழிவிட்டவள், "யாரோ ஆம்பளன்னு நெனச்சேன் ஆயா" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

சுமையோடு வருகிறவள் குரல் கொடுத்தால் வெறுங்கையோடு வருகிறவள் இறங்க வேண்டும். அந்த வழக்கம் உனக்கும் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவேன். ஆம்பளைக் குரலானாலும் முதல் அடி என்னுடையது. நீ இறங்கி நின்று பின்பாட்டுப் பாடு.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.