விருந்தினர் வரும்வரை பாட்டு

டிசம்பர் 24, இரவு

இன்று எங்கள் சபையிலிருந்து கவரைப்பேட்டை செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. பிரியாணி காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் செலவை ஏற்ற கம்பெனி அதிகாரி வந்துதான் பரிமாற வேண்டுமாம். அதுவரை பிள்ளைகளைப் பாட வைக்கச் சொன்னார், எங்கள் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா. இயேசுவின் பேரைச் சொல்லிச் சோற்றுக்குக் காவல் நின்றோம்.

மதியம் தாண்டியும் அவர் வரவில்லை. "இன்னும் எவ்ளோ பாட்டு பாடணும்க்கா?" என்று கேட்ட சிறுமி அஞ்சலி அப்படியே சுருண்டு விழுந்தாள். காலையிலும் அவள் சாப்பிடவில்லையாம். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். பிறகு யாரையும் கேட்காமல் அண்டாவைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறினேன்.

அவர்கள் சாப்பிட்டு முடித்தபோது அதிகாரி வந்தார். ஸ்டெல்லா அக்கா பிள்ளைகளை மறுபடியும் உட்கார வைத்தார். அதிகாரி ஆளுக்கொரு பிடி சோறு வைக்க, போட்டோ எடுத்தார்கள்.

"அடுத்த வருஷம் அவரு குடுக்கலன்னா நீ குடுப்பியா? இனிமே நீ வராத," என்றார் அக்கா என்னிடம். அண்டாவைக் கழுவப் போனேன்.

கிளம்பும்போது அஞ்சலி ஓடி வந்தாள். "இன்னாக்கா அழுவுற? போட்டோல நான் நல்லாதான சிரிச்சேன்?"

எல்லோரையும்விட அவள்தான் நன்றாகச் சிரித்தாள்.