கனெக்‌ஷன் யார் பேரில்?

12, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். நெட் இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு. மாலை கவிதாவின் பேச்சுப் பயிற்சி வகுப்பும் போச்சு. பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுக்காரருக்குப் பேச்சு வரவில்லை. ரங்கநாதன் தெருக் கடையில் நாள் முழுக்கப் புடவை விற்ற வாய். அடையாற்றிலிருந்து கவிதா வீடியோவில் வாயசைத்துக் காட்டினால்தான் முயற்சியே செய்வார். செல்போன் டேட்டாவில் அவள் முகம் உறைந்து நிற்கிறது.

போன வாரம்தான் 'தண்ணி' என்ற சொல் வாயில் வந்தது. அடுத்து அவருடைய பெயர் என்றாள். இடைவெளி விட்டால் வந்ததும் போய்விடுமாம். பயமாக இருக்கிறது.

13, செவ்வாய்
சேவை மையம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டு. கடைசியில் ஒரு பெண்.
"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."
"பண்ணியாச்சும்மா."
"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம்."
பிறகு, கனெக்‌ஷன் யார் பேரில்? வீட்டுக்காரர் பேரில். அவர் பெயர்? கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை.
"பழனி மலையில இருக்காருல்லா, அவரு பேருதாம்மா."
"பழனி... மேட்ச் ஆகலை மேடம்."
வைத்துவிட்டாள். எரிச்சல். பாதி அவள் மேல், பாதி என் மேல்.

14, புதன்
தூறல். மாத்திரை, கீரை, எலுமிச்சை.
எதிர்வீட்டு லதாவைப் பேச வைத்தேன். அவர் பெயரைச் சொன்னாள். அக்கவுன்ட் ஹோல்டரே பேச வேண்டுமாம்.
"அவரால பேச முடியாதுன்றேன், காதுல வுழல?" என்று போனில் கத்தினாள்.
அதே பதில். லதா என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு நீயே சொல்லிக் குடேன்க்கா. பேரைச் சொன்னா சாமி கண்ணக் குத்திடுமா இன்னா?"
சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தும் அவர் வாய் அடைத்துப்போனதே.

15, வியாழன்
மறுபடி போன். "சாரே பேர் சொன்னாத்தான் மேடம் கம்ப்ளைன்ட் எடுக்க முடியும்."
ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. வியர்த்துவிட்டது அவருக்கு. எதிரே உட்கார்ந்தேன். கவிதா செய்வதுபோல வாயை நன்றாகத் திறந்து:
"சண்முகம்."
அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.
"ச... மு..."
"சரியா கேக்கலை சார். திரும்பச் சொல்லுங்க."
சொன்னார்.
"இன்னொரு தடவை சார்."
மூச்சை இழுத்து முழுசாகச் சொன்னார்:
"சண்முகம்."
"தேங்க்யூ சார். உங்க ஏரியாவுல ஃபால்ட். எப்ப சரியாகும்னு சொல்ல முடியாது."
பரவாயில்லை என்றேன்.
போனை வைத்ததும் அவர் கையை நீட்டி என் உதட்டைத் தொட்டார். நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம்.