விளக்கைப் போட மறக்காத மேரிக்கு

என் அன்பு மேரி,

சிவகங்கையில் உன்னை அடக்கம் செய்துவிட்டுக் காரைக்குடி பஸ்ஸில் திரும்பியபோது அழுதேன். இப்போது அழுகை வரவில்லை, வெட்கம்தான் வருகிறது. கல்லூரி மலரில் உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உனக்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வருகிறதே, அந்த வைரஸ் பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். இடைச்சுவர் போய், நாலைந்து செல் ஒரே பெரிய செல்லாகி, உள்ளே உட்கருக்கள் கும்பலாக நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில், நீ மரியாதையாக ஆச்சி என்று கூப்பிட்ட ஆசிரியை நானும் என் மாணவி நீயும் கோழிக்கருவின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, வைரஸை ஊற்றி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் அந்தக் கும்பல்களை எண்ணிக்கொண்டிருந்தோம். வைரஸ் உள்ளே நுழைந்து பெருகினால்தான் செல்கள் சேரும் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

அதைச் சோதிக்கத்தான் வைரஸைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துச் சாகடித்து, செல்கள் மேல் தாராளமாக ஊற்றினாய். செத்த வைரஸ் பெருகாது. நான் சொன்னது சரியென்றால் செல்கள் சேரக்கூடாது. அன்று உனக்கு உடம்பு கொதித்தது. வீட்டுக்குப் போடி என்று விரட்டினேன்.

"தட்டைப் பாருங்க ஆச்சி. வந்து கேப்பேன், என்ன சொல்லுறீகன்னு பாப்போம்," என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாய்.

மறுநாள் பார்த்தேன். செல்கள் சேர்ந்து கிடந்தன. காய்ச்சல் மயக்கத்தில் பிள்ளை விளக்கைப் போட மறந்துவிட்டாள், உயிருள்ள வைரஸை ஊற்றிவிட்டாள் என்று அங்கேயே முடிவு கட்டினேன். உனக்கு மேலிடத்தில் திட்டு விழக்கூடாதே என்று தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

நீ வந்து கேட்கவில்லை. மூன்றாம் நாளே போய்விட்டாய்.

அடக்கத்துக்கு மறுநாள் உன் சாமான்களை எடுத்துப்போக உன் அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். அத்தனை வருடம் வாத்தியாராக இருந்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காய்ச்சலோட வந்து படுத்தவ சிரிச்சுக்கிட்டே இருந்தா ஆச்சி. என்னத்தா விசேசம்னு கேட்டேன். ஆச்சி பாத்துட்டுச் சொல்லட்டும், அப்பறம் சொல்றேன்னா. நீங்க என்னமும் பாத்தீகளா?"

"பெருசா ஒண்ணும் இல்லங்கய்யா. எப்பவும் செய்யிற வேலதான்."

"சரிங்க," என்றார். குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இறந்தவர் குறையைப் பேசாதே என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். அதன்படி நடந்துகொண்டதாக எனக்குத் திருப்தி.

அன்று மாலை இன்குபேட்டரைச் சுத்தம் செய்தேன். மூலையில் நீ பென்சிலால் குறியிட்ட முட்டைகள் இருந்தன. அன்று தட்டில் ஊற்றிய அதே வைரஸை முட்டைகளிலும் ஏற்றி வைத்திருந்தாய். வைரஸுக்கு உயிர் இருந்தால் உள்ளே இருக்கும் கரு இதற்குள் செத்திருக்கும். பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். சிவப்பாக நரம்பு ஓடியது, ஒவ்வொன்றிலும் கரு அசைந்தது. மேரி, நீ விளக்கைப் போட்டிருக்கிறாய்.

பிறகு நானே செய்து பார்த்தேன். விளக்கின் பக்கத்தை விட்டு நகராமல் வைரஸைச் சாகடித்து, உன்னைப் போலவே தாராளமாக ஊற்றினேன். காலையில் ஊற்றியதற்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் செல்கள் சேர்ந்துவிட்டன. பெருகுவதற்கு நேரமே இல்லை. அன்று வீட்டுக்குக் கிளம்புமுன்பே நீ இதைப் பார்த்துவிட்டிருக்க வேண்டும். செல்களைச் சேர்க்க வைரஸின் மேல்தோலே போதும்போல் இருக்கிறது. வெளிநாட்டில் யாராவது முன்பே கண்டிருக்கலாம், சஞ்சிகை கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகிறது. இந்த ஆய்வகத்தில் முதலில் கண்டவள் நீ.

உன் தப்பை மறைக்க ஓடியவளுக்கு, நீ சரியாகச் செய்திருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? உன்மேல் பாசம் இருந்தது, மரியாதை இல்லை. எழுதவே கூசுகிறது. உன் இடத்தில் தலை நரைத்த ஒரு ஆண் இருந்திருந்தால் தட்டைக் கழுவுமுன் இன்னொரு தரம் பார்த்திருப்பேனோ?

உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சிவகங்கை பஸ் என் கண்முன்னே கிளம்பியது, ஏறாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு ஏறிவிடுவேன். அவர் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். உங்கள் மகள் சரியாகத்தான் செய்தாள் ஐயா, நான்தான் கழுவி ஊற்றிவிட்டு உங்களிடம் பொய் சொன்னேன் என்பேன். கோபப்பட்டால் நின்று வாங்கிக்கொள்வேன். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று கேட்டால், என்னை ஜெயித்துவிட்டாள், அதற்குத்தான் என்று சொல்வேன்.

உன் ஆச்சி,
மெய்யம்மை