கெர்ட்ரூட் அம்மாளின் ஜன்னல்

6 மார்ச் 1967
எவனும் நம்பமாட்டாத கதையொன்றை எழுதப்போகிறேன். இந்த நோட்டின்மேல் சத்தியம். இந்த ஜெர்மானிய நகரம் குண்டில் தரைமட்டமானது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்கும் பிரம்மா நானேதான்! 1907இல் யாரோ ஒரு புண்ணியவான் வீடு வீடாகப் படமெடுத்துவைத்த கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் காப்பகத்தில் இருக்கின்றன. நான் அச்சிட்டுத் தருவதைப் பார்த்தே கட்டுகிறார்கள். இன்று, சதுக்கத்து மருந்துக்கடை வீடு.

23 ஏப்ரல் 1968
வீடு எழும்பிவிட்டது. அதில் பிறந்து வளர்ந்த கெர்ட்ரூட் அம்மாள், வயது எண்பத்தொன்று, குடையோடு வந்து சண்டை.

“என் ஜன்னல் இடப்பக்கம் இருந்தது! உட்கார்ந்தால் மணிக்கூண்டு தெரியும். இப்போது கசாப்புக்கடை தெரிகிறது!”

கட்டுமானக் குழுத் தலைவர் ஹெல்மர் என் படத்தை நீட்டினார். “படத்துக்கு மறதி கிடையாது, அம்மா.”

குடைமுனை என் மார்புக்குத் திரும்பியது. “நீ சொல்லு!”

“தகடு பொய் சொல்லாது” என்றேன், மகாராஜா தோரணையில்.

24 ஏப்ரல்
தகட்டின் ஓரத்துக் கறுப்புத் தாளை உரித்தேன். படமெடுத்தவர் எழுதிய எண் அதற்கடியில் இருந்தது. நான் வைத்து அச்சிட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் எண் திரும்பித் தெரிகிறது.

தகட்டைப் புரட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாடி வீடு, இடம் வலமாக! ஐயோ.

25 ஏப்ரல்
வேதவல்லியிடம் சொன்னேன். தாலி கட்டிக்கொண்டவளாயிற்றே, திட்டினாள்.

“போய்ச் சொல்லிடுங்களேன். வயசான மனுஷி.”

“வேலை போச்சுன்னா இங்க தங்குற பெர்மிட்டும் போச்சுடி. ஜூன்ல கான்ட்ராக்ட் ரென்யூ ஆகட்டும்.”

“ஜூன்ல சொல்வீங்களா?”

“சத்தியமா.”

28 ஜூன்
மூன்று வருடம் நீட்டித்துவிட்டார்கள். ஹெல்மர் கைகுலுக்கினார். வேதவல்லி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

14 அக்டோபர் 1969
கெர்ட்ரூட் அம்மாளின் மகன் வந்தான். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டானாம். “பிறந்த வீட்டின் இடம் வலம்கூடத் தெரியவில்லை. புத்தி தடுமாறிவிட்டது.” கட்டிலுக்கு எதிரே மாட்ட அந்த வீட்டின் படம் வேண்டுமாம், பெரிதாக. தினம் பார்த்தால் தெளிந்துவிடுமாம்.

அச்சிட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கமாக?

முன்பு புரட்டிவைத்த அதே பக்கமாகவேதான்.

9 பிப்ரவரி 1971
பேப்பரில் மூன்று வரி: கெர்ட்ரூட் அம்மாள் இறந்துவிட்டார்.

ஊரிலிருந்து தங்கை மகள் அம்பிகா எழுதியிருக்கிறாள்: “மாமா, பெரிய புளுகா ஒண்ணு அனுப்புங்கோ.” அனுப்பினேன். நான் சுண்டுவிரலால் ஒரு நகரத்தையே புரட்டிப்போட்டேன், நதி மலைமேல் ஏறியது, மேயர் முதுகுப்பக்கமாக நடந்து ஆபீஸ் போனார், ஒரு கிழவி மட்டும் கண்டுபிடித்தாள், அவளை ராணியாக்கினோம்.

நதி பொய். மேயர் பொய். ராணி, பெரும் பொய்.

கிழவி கண்டுபிடித்தது மட்டும் நிஜம்.