குவாரியில் படகு

பாறைமேடு,
நசரத்பேட்டை வழி
20.1.1997

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானகுமாரி எழுதுவது. நான் நலம். ஓசூர்ப் பனி உங்கள் நெஞ்சை என்ன பாடு படுத்துகிறதோ. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் வரவில்லை.

குவாரி மூடிய பிறகு ஊரில் பாதிப் பேருக்கு வேலையில்லை. இப்போது இரண்டு பேர் இடம் கேட்கிறார்கள். பேட்டரி கம்பெனிக்காரர் தண்ணீர் நிற்கும் குவாரிக் குழியை மண்ணால் மூடி ஷெட் போடுவாராம். மற்றவர் தண்ணீரை அப்படியே வைத்துப் படகு விட்டு, பட்டணத்து ஜனங்களை வரவழைப்பாராம். பஞ்சாயத்தில் இரு பக்கமும் சமம். நான்தான் பாக்கி. வேம்புலி அண்ணன் தினமும் வந்து, "இன்னாம்மா மெம்பரு, ஊரே உன் கையைத்தான் பாத்துகினு கீது" என்கிறார்.

நம் பிள்ளை சூசை மூழ்கிப்போன தண்ணீர். அதில் படகு விடலாமா என்று என்னையே கேட்கிறார்கள். களைப்பாக இருக்கிறது மாமா. பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி,
ஞானகுமாரி


ஓசூர்
30.1.1997

அன்புள்ள குமாரிக்கு,

யோசிக்க என்ன இருக்கிறது? மூடச் சொல். உன்மேல் கோபப்பட்டு நான் இங்கே வரவில்லை. அந்தத் தண்ணீரைத் தாண்டி வேலைக்குப் போக என்னால் முடியவில்லை. குழியை மூடினால் மறுநாளே பஸ் ஏறுகிறேன். கம்பெனியில் ஏதாவது வேலை கிடைக்கும், இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம். மூடாவிட்டால் என்னைக் கூப்பிடாதே.

பாஸ்கல்


பாறைமேடு
16.2.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றுக் கூட்டம். மூடச் சொல்லிக் கை தூக்கத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். பொன்னம்மாள் எழுந்து, "குழிய மூடிட்டா வெயில் காலத்துல தண்ணிக்கு எங்க போறது? எல்லாக் கெணறும் அந்த ஊத்தாலதான் நிக்குது" என்றாள். லாரியில் அனுப்புவோம் என்றார் கம்பெனிக்காரர். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

படகுக்குத்தான் கை தூக்கினேன். சுற்றிலும் வேலி போட வேண்டும், நீச்சல் தெரிந்த ஆள் எப்போதும் கரையில் நிற்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான்.

திரும்பும்போது குழிக்கரையில் போய் உட்கார்ந்தேன். சூசை போனதற்குப் பிறகு அங்கே போனது நேற்றுத்தான். பெண்கள் குடத்தோடு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பேசுங்கள் என்றேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். இனி கூப்பிட்டு எழுதமாட்டேன். உங்கள் தங்கை தெரசா வியாழக்கிழமை ஓசூர் வருகிறாள். உங்கள் துணிமணிகளைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பளிச் சட்டையைத் துவைத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

ஞானகுமாரி