ஏரிப் பள்ளத்துக்குக் கப்பி

சேசு மரி சூசை துணை

செஞ்சி பக்கம், 1967, பொங்கல் கழிஞ்ச மறு வாரம்

அன்பான மக ஜோசப்பினுக்கு, உன் நைனா தோமினிக் சொல்லச் சொல்ல உபதேசியார் பால்சாமி எழுதறது. இங்க நானும் உன் தம்பி அடைக்கலராஜும் வேளைக்குச் சாப்புடறோம், தூங்கறோம், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஜெர்மனிக் குளிர்ல நீ கைகால் சொகமா இருக்கணும்னு மாதாவ வேண்டிக்கறேன்.

உன் கடுதாசி வந்துச்சி. பனின்னா நமக்கு மார்கழிப் பனி, துண்டால தலைய மூடிக்கினா போச்சி. அங்க முட்டி ஒசரம் கொட்டிக் கெடக்கும், மிஷினு வந்து வாரும், மொதல்ல ஆஸ்பத்திரி ரோட்டு, அப்புறம் தீயணைக்கிற வண்டி போற ரோட்டு, அப்புறம் பஸ்சு ரோட்டு, வூடுங்க இருக்கற தெரு கடைசின்னு முனிசிபாலிடியில வகுத்து வச்சிருக்கறதா எழுதியிருக்க. நல்ல ஏற்பாடுதான். இங்கயும் மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ்சு வுடறான் பாரு, அந்த ரோட்டத்தான் மொதல்ல சரி பண்ணுவான். நம்ம ஊருக்கு மிச்சம் மீதிதான் வரும். அம்மாவ செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏன் அவ்ளோ நேரம்னு கேட்டிருக்க. தந்தியில அதெல்லாம் அடிக்க முடியல. இப்ப சொல்றேன்.

கார்த்திகை மழையில ரெண்டு எடம் அத்துக்கினு போச்சி. ஒண்ணு கோயில் தெரு முக்கு, இன்னொண்ணு செஞ்சிக்குப் போற வழியில ஏரிப் பள்ளம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் ராஜாங்கம் ரோட்டுப் பள்ளத்துல கொட்ட ஒரே லோடு கப்பிக்கல்லு கொண்டாந்து எறக்கி, எங்க போடறது நீங்களே சொல்லுங்கன்னாரு. மாதா திருவிழாவுக்குப் பத்து பாஞ்சு நாள்தான் இருந்துச்சி. போன வருசம் அந்த முக்குலதான் தேர் சக்கரம் எறங்கி, மாதா கிரீடம் கீழ வுழுந்துச்சி. அதுக்கப்புறம் யாரு வூட்டு ஆடு செத்தாலும் அதனாலதான்னு பேச்சு. வண்டிக்கார பச்சமுத்து மட்டும் ஏரிப் பள்ளத்துக்குப் போடுங்கன்னான். உங்கம்மா வுடுவாளா. இன்னாயா பச்சமுத்து, உன் மாட்டுக்குக் கால் நோவுதா, எங்க மாதாவ விட உன் மாடு பெருசான்னா. ஊரே சிரிச்சிது. நானும் சிரிச்சேன். கப்பிய முக்குல கொட்டிட்டாங்க.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கச்சொல்ல உங்கம்மா மல்லாட்டைக் கடலை புடுங்கப் போனா. செடிக்கு அடியில கெடந்த கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சி. துண்டு கட்டி, பச்சமுத்து வண்டியில ஏத்தினோம். அவன் எடப்பக்கம் கட்டற மாடு அனந்தபுரம் சந்தையில புடிச்சது, சுழி சரியில்லன்னு அன்னைக்கே சொன்னேன், கேக்கல, சேறு பார்த்தா படுத்துக்கும். பள்ளத்துல படுத்துக்கிச்சி. சக்கரம் அச்சு வரைக்கும் எறங்கிப் போச்சி. மாட்ட அவுத்துட்டு நாங்களே தள்ளிப் பாத்தோம். அப்புறம் வண்டித் தட்டிய உருவி அதுல படுக்க வச்சித் தூக்கினு நடந்தோம். மொதல்ல ஏதோ பேசிக்கினு வந்தா, கோழிய அடைச்சியான்னு கேட்டா. கோட்டை மலை தெரியற எடத்துல பேச்சு நின்னுச்சி. ஆஸ்பத்திரியில டாக்டர் கைய புடிச்சிப் பாத்தாரு. கைய கீழ வச்சாரு. எங்க முழங்கால் சேத்தையே பாத்துக்கினு நின்னாரு. பச்சமுத்து அன்னைக்கி முக்குப் பேச்ச எடுக்கவே இல்ல, இன்னிக்கி வரைக்கும் எடுக்கல.

தேர் குலுங்காம போச்சி.

மார்கழியில இன்னொரு லோடு வந்துச்சி. எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க. உங்கம்மா முப்பதாம் நாள் வருதே, கல்லறைக்குப் போற வழி ஒரே சேறு, ராயம்மாளுக்காக இதை அங்க போடலாம்னு ராஜாங்கம் சொன்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு. பச்சமுத்து பொண்டாட்டி குஞ்சம்மா நெறமாசமா ஓரமா நின்னுக்கினு இருந்தா. ராயம்மா போற எடத்துக்குப் போயிட்டா, அவளுக்கு எதுக்கு ரோட்டு, ஏரிப் பள்ளத்துக்கே போடுங்கன்னேன். லோடு அங்கயே போச்சி. முப்பதாம் நாள் வேட்டிய தூக்கிக் கட்டினு, மெழுவத்திய ஒரு கையிலயும் செருப்ப ஒரு கையிலயும் புடிச்சினு போனோம். அழுவ வரல. கால் வழுக்காம போவணும்னுதான் பாத்தேன்.

குஞ்சம்மாளுக்குப் போன வியாழக்கெழம வலி எடுத்துச்சி. வெயில் ஏர்றதுக்குள்ள செஞ்சி போய்ட்டாங்க. பொம்பளப் புள்ள.

ஆஸ்பத்திரி ட்யூட்டிக்குப் போவசொல்ல பனியில பாத்து நட. டிக்கெட்டு போட்டு வர வேணாம், வந்து இன்னா பண்ணப் போற. அம்மாவுக்குன்னு வாங்கின கம்பளிய இங்க அனுப்பாத, நீயே போத்திக்கோ. சேசுவும் மாதாவும் உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா தோமினிக்
(இடது கட்டைவிரல் ரேகை)